தொடாதே: நான் பாதியில் நிறுத்திய வாக்கியம்

வடசென்னைச் சபைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது, உங்களில் ஒருவர் கைபேசியை என் முன்னால் நீட்டினார். ஒரு கிரேக்கச் சொல்லுக்கு அதில் ஏழு அர்த்தம் போட்டிருந்தது. எதைப் பிரசங்கத்தில் சொல்லலாம் என்று கேட்டார். எதையும் சொல்லாதீர்கள் என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். கிழவன் வம்புக்குச் சொல்கிறான் என்று நினைத்திருப்பீர்கள். நான் வம்புக்குச் சொல்லவில்லை. முன்பு ஒரு ஈஸ்டரில் நடந்ததை விவரமாகச் சொல்லத் தைரியம் வராமல் காபியைக் குடியுங்கள் என்று பேச்சை மாற்றிவிட்டேன். எழுதுவது கொஞ்சம் சுலபம், எதிரே யாருடைய முகமும் இருக்காது.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயராக இருந்தேன். அதில் இருபது ஆண்டுகள் வியாழக்கிழமை மாலைகளில் ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை என்று வேலை முடிந்த களைப்போடு வருவார்கள். சம்பளமில்லாமல் ஞாயிறுகளில் பிரசங்கம் செய்கிறவர்கள். அவர்களிடம் நான் கண்டிப்பாக நடந்துகொள்வேன். வினைச்சொல்லைத் தப்பாகச் சொன்னால் மூன்று முறை எழுதச் சொல்வேன். பேச்சில் ‘வந்துகினு’, ‘சொல்லிகினு’ என்று வந்தால் வேத வகுப்பில் இந்தப் பாஷை வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வேன். கிரீக் பாஸ்டர் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மிகவும் பெருமையோடு நடத்திய பாடம் ஒன்று உண்டு. கிரேக்கத்தில் ஒரு காரியத்தைச் செய்யாதே என்று சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இனிமேல் தொடங்காதே என்பது. இன்னொன்று, செய்துகொண்டிருப்பதை நிறுத்து என்பது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ரயில் கதவோரமாக நிற்கப் போகிறவனிடமும் ‘நிற்காதே’ என்கிறோம், ஏற்கெனவே தொங்கிக்கொண்டு வருகிறவனிடமும் ‘நிற்காதே’ என்கிறோம். கிரேக்கத்தில் அங்கே வினையின் உருவமே மாறிவிடும். இதற்கு நான் எப்போதும் எடுக்கும் உதாரணம் இயேசு உயிர்த்தெழுந்த நாளின் காலை. கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த மகதலேனா மரியாளை அவர் பெயர் சொல்லி அழைக்கிறார். அவள் திரும்புகிறாள். அவர் சொல்கிறார்: மே மூ ஹப்தூ. மே என்பது மறுப்பு. மூ என்பது ‘என்னை’. ஹப்தூ என்பது தொடுவது, பற்றிக்கொள்வது, ஒட்டிக்கொள்வது. நம்முடைய தமிழ் வேதத்தில் இது ‘என்னைத் தொடாதே’ என்று இருக்கிறது.

இது இரண்டாவது வகை என்பேன். ஆகவே அவள் ஏற்கெனவே அவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பிடித்தது போதும் விடு என்றுதான் அவர் சொன்னார் என்பேன். சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டுவேன். இந்த விதி எல்லா இடத்திலும் பொருந்தாது, பொதுவாகச் செய்யாதே என்று சொல்வதற்கும் அதே உருவம் வருவதுண்டு என்று படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். வகுப்பில் சொன்னதில்லை. சொன்னால் பாடம் குழம்பிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போது நான் திருவொற்றியூர்ச் சபையில் இருந்தேன். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் கோயில் ஜன்னல்கள் அதிரும். அந்தச் சபையில் வேதபாடம் வாசிக்க என்னிடம் இருந்தவர்களிலேயே நல்ல குரல் சுந்தரியுடையது. ஞானசுந்தரி என்று ஞானஸ்நானப் பதிவில் இருக்கும். ரயில் நிலையத்தில் பெருக்கும் வேலை, கான்ட்ராக்டில். பத்தாவது வரை படித்தவள். வாசிக்கும்போது ஒரு எழுத்தையும் விழுங்கமாட்டாள். முதல் நாளே வீட்டில் இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு வருவாள் என்று அவள் கணவன் மோசஸ் சொல்லியிருக்கிறான். சிலர் அவள் வாசிப்பதை விரும்பவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அவளுடைய அப்பாவும் தாத்தாவும் என்ன வேலை செய்தார்கள் என்பது அந்தச் சிலருக்கு மறக்கவில்லை. நற்கருணையில் அவள் பக்கத்தில் முழங்கால்படியிடாமல் அடுத்த வரிசைக்கு நகர்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கண்டித்ததில்லை.

மோசஸ் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கூலியாள். தோட்டவேலை, குப்பை அள்ளுவது, லாரியில் சாமான் ஏற்றுவது என்று கான்ட்ராக்டர் எதைச் சொன்னாலும் செய்வான். ஒரு நாள் பகலில் சுந்தரிக்குப் போன் செய்திருக்கிறான். கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது, என்னை உள்ளே போய்ப் பார்க்கச் சொல்கிறார்கள், மாட்டேன் என்றால் நாளையிலிருந்து வராதே என்கிறார்கள் என்று சொன்னான். வேண்டாம், வீட்டுக்கு வா என்று இவள் சொன்னாள். பத்து நிமிஷ வேலைதானாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதன்பிறகு அவன் குரலை அவள் கேட்கவில்லை. தொட்டிக்குள் இருந்த விஷவாயு அவனைக் கொன்றுவிட்டது. போலீசில் வழக்குப் பதிவாயிற்று.

ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவளைக் கிட்டே விடவில்லை. பரிசோதனை முடியவில்லை, தொடாதேம்மா என்றார்கள். பரிசோதனை முடிந்தபிறகு துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். பிரிக்க வேண்டாம், வாடை அடிக்கிறது, தொடாதே என்று உறவுக்காரர்கள் தடுத்தார்கள். கல்லறையில் பெட்டியை மூடுவதற்கு முன் நான்தான் ஜெபம் செய்தேன். அவள் பெட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முகத்துணியை விலக்குங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விலக்கியிருப்பார்கள். எனக்கு அது தோன்றவில்லை. நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏழு வாரம் கழித்து ஈஸ்டர் வந்தது. பாடம் வாசிக்க யாரைப் போடலாம் என்று செயலாளர் கேட்டபோது, சுந்தரியையே போடுங்கள், அவளுக்கும் ஆறுதலாக இருக்கும் என்றேன். எந்தப் பகுதி என்று யோசிக்கவில்லை. ஈஸ்டர் பகுதி ஈஸ்டர் பகுதிதானே என்ற அசட்டை.

கோயில் நிறைந்திருந்தது. அவள் வெள்ளைச் சேலையில் வந்து நின்று நிதானமாக வாசித்தாள். தோட்டம் வந்தது, அழுகை வந்தது, அவரைத் தோட்டக்காரன் என்று மரியாள் நினைத்தது வந்தது, பெயர் சொல்லி அழைத்தது வந்தது. ‘இயேசு அவளை நோக்கி’ என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். தண்ணீர் வேண்டுமோ என்று நினைத்தேன். அவள் கண் அந்த வரியிலேயே இருந்தது. பிறகு புத்தகத்தை மெதுவாக மூடிவிட்டு இறங்கி, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.  அடுத்து என் பிரசங்கம்.

பீடத்துக்குப் போக எனக்கு இருபது அடி இருந்தது. அந்த இருபது அடிக்குள் எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்வது என்று முடிவெடுத்தேன். அவள் எந்தச் சொல்லில் நின்றாள், ஏன் நின்றாள் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அது சரியாகவே புரிந்தது. அதற்குப் பிறகு செய்ததுதான் தப்பு. ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற நல்லெண்ணமும், என் கையில் கிரேக்கம் இருக்கிறது என்ற கர்வமும் சேர்ந்து என்னைத் தள்ளிக்கொண்டு போயின. நல்லெண்ணம் இருக்கும்போது கர்வம் கண்ணுக்குத் தெரிவதில்லை, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமைப் பாடத்தை அப்படியே பீடத்தில் நடத்தினேன். கிரேக்கத்தில் ‘தொடாதே’ என்று இல்லை, அவர் யாரையும் தீட்டு என்று தள்ளவில்லை, மரியாள் அவரைத் தொட்டுவிட்டாள், பிடித்துக்கொண்டிருந்தாள், அவர் ‘விடு’ என்றுதான் சொன்னார் என்றேன். அதோடு நின்றிருந்தாலும் பாதிச் சேதத்தோடு போயிருக்கும். நாம் நேசிக்கிறவர்களை விட வேண்டிய வேளை ஒன்று வரும், அப்போது கர்த்தர் நம்மிடமும் விடு என்கிறார், விட்டுவிடுங்கள் என்று முடித்தேன். விடு என்ற சொல்லை ஏழெட்டு முறையாவது சொல்லியிருப்பேன். பலர் அழுதார்கள். வாசலில் கைகுலுக்கும்போது இந்தக் கோயிலில் இப்படி ஒரு பிரசங்கம் கேட்டதில்லை என்று செயலாளர் சொன்னார். சுந்தரி கையைக் கொடுத்துவிட்டு முகம் பார்க்காமல் போனாள். உருகிப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவள் கோயில் அலுவலக அறைக்கு வந்தாள். கூட மோசஸின் அண்ணன் வந்திருந்தார், ஆனால் மாடிக்கு வரவில்லை, கீழே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் சபைக் குழுவில் இருந்தவர். மோசஸ் வேலை பார்த்த அதே கான்ட்ராக்டரிடம் மேற்பார்வையாளர். தம்பியை அந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். சுந்தரி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்து, சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

படித்தேன். மேற்பார்வையாளர் தடுத்தும் கேளாமல் என் கணவர் தானாகவே தொட்டிக்குள் சென்றார், இதில் யார்மேலும் எனக்குப் புகார் இல்லை, விசாரணை வேண்டாம் என்று எழுதியிருந்தது. அவளுடைய எழுத்து இல்லை. அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது, இன்னும் போடவில்லை. இது ஏன் என்று கேட்டேன்.

“நீங்கதான பாஸ்டர் வுடு வுடுன்னு சொன்னீங்க,” என்றாள். “அவுங்க அண்ணன் ஒரு மாசமா கேட்டுகினு கீறாரு. நான் முடியாதுன்னுகினு இருந்தேன். ஈஸ்டர் அன்னிக்கு வூட்டாண்ட வந்து, ‘பாத்தியா, சாமியே வுடுன்னுதான் சொல்லிகீறாரு, பாஸ்டரு கிரீக்குலேர்ந்து எட்த்து சொல்டாரு’ன்னாரு. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது?”

 நான் அவளுடைய துக்கத்தைப் பற்றிப் பேசினேன் என்று நினைத்திருந்தேன். கேட்டவர்களுக்கு அது வழக்கைப் பற்றிய தீர்ப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு மாதமாகத் தனியாக நின்று முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த பெண்ணின் காலடி மண்ணை இலக்கணத்தால் வாரிவிட்டிருக்கிறேன்.

கீழே ஆட்டோவில் ஹாரன் அடித்தார்கள். பன்னிரண்டு மணிக்குள் காகிதம் போய்ச் சேர வேண்டுமாம். இப்படிப்பட்ட நேரத்தில் நம் தொழிலில் சொல்வதற்கென்றே சில வாசகங்கள் இருக்கின்றன. ஜெபித்து முடிவெடுங்கள், இது உங்கள் சொந்த விஷயம், நான் தலையிடக் கூடாது. எல்லாம் நாக்கின் நுனிக்கு வந்தன. அவற்றில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள், எனக்கும் சபையில் எந்தச் சங்கடமும் வந்திருக்காது. என்ன சொல்வது என்று தெரியாமல்தான் மேஜையில் இருந்த கிரேக்கப் புத்தகத்தை எடுத்தேன். தெளிவு வந்து எடுக்கவில்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அந்த வரியை எடுத்து விரல் வைத்து வாசித்தேன். நூறு முறைக்கு மேல் நடத்திய வரி. எப்போதும் ஹப்தூவில் நின்றுவிடுவேன், என் பாடம் அங்கே முடிந்துவிடும். அன்றைக்கு விரல் நிற்காமல் போயிற்று. முதலில் ‘மூ’ என்ற சிறிய சொல் கண்ணில் பட்டது. என்னை. எதை விடச் சொல்கிறார் என்பது அதில் இருக்கிறது. தன்னை மட்டும்தான். எல்லாவற்றையும் விடு என்று அங்கே இல்லை. அதற்கு மேல் போனால், வாக்கியம் முடியவே இல்லை. ஏன் என்று காரணம் சொல்கிறார். பிறகு ‘ஆனால்’ என்பது போல ஒரு சொல் வருகிறது. அதற்குப் பிறகு இரண்டு கட்டளைகள். போ என்பது ஒன்று. என் சகோதரரிடம் சொல் என்பது இன்னொன்று. அவளைச் சும்மா இருக்கச் சொல்லவே இல்லை. கேட்டதைப் போய்ச் சொல்லச் சொல்கிறார். இருபது ஆண்டுகளாக அந்த வாக்கியத்தை இடுப்பளவில் வெட்டி நடத்தியிருக்கிறேன்.

இதை அவளிடம் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாகக் காட்டி, விரலை வைத்து, வகுப்பில் சொல்வதைவிட மெதுவாகச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்ப அந்தம்மா அவர தொட்டுகினு இருந்துச்சா, இல்லியா?”

“தெரியாதும்மா. அது எழுதல.”

“தொட்டுகினு இருந்துச்சுன்னு மைக்குல சொன்னீங்களே.”

“சொன்னேன். அப்படியும் இருக்கலாம். ஆனா நிச்சயமா தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். தப்பு என்னோடது.”

 சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“எனக்கு அது ஒண்ணுதான் பாஸ்டர் ஆறுதலா இருந்துச்சு. அந்தம்மாவாச்சும் ஒருதரம் தொட்டுடுச்சேன்னு.”

என் பணிக்காலத்தில் இதைவிடப் பெரிய அடி எனக்கு விழுந்ததில்லை. பத்தே நாளில் அவளிடம் கொடுக்கக் கூடாததைக் கொடுத்துவிட்டு, அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றையும் பிடுங்கியிருந்தேன். பொய்யையே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாமோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். முடியாது, ஏனென்றால் அந்தப் பொய்யின் மறுபக்கத்தில்தான் மேஜையில் கிடந்த காகிதம் இருந்தது.

நிச்சயமாக எழுதியிருப்பதை மட்டும் சொல்கிறேன் என்றேன். அதே பக்கத்தில், எட்டு நாள் கழித்து, சந்தேகப்பட்ட சீஷனிடம் கையை நீட்டி என் விலாவில் போட்டுப் பார் என்று அழைக்கிறவரும் இவர்தான். குஷ்டரோகி ஒருவனை அவர் தாமாகவே தொட்டிருக்கிறார், அங்கே எழுதியிருப்பதும் இதே வினைச்சொல். தொட்டால் ஆகாது என்று நினைத்தவர் இல்லை. இதை நீ நம்பலாம், இது என் சரக்கு இல்லை என்றேன். கல்லறையில் முகத்துணியை விலக்கச் சொல்லாமல் இருந்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

காகிதத்தைப் பற்றியும் சொன்னேன். பொய் என்று எனக்குத் தெரிந்ததில் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன், அது என் முடிவு. நீ போடுவதும் போடாததும் உன் முடிவு, போட்டாலும் உன்னைத் தப்பாக நினைக்க மாட்டேன் என்றேன்.

அவள் என் மேஜையில் இருந்த தமிழ் வேதத்தை இழுத்து, ஈஸ்டர் அன்று நின்ற இடத்தைத் தேடி எடுத்தாள். உதடு மட்டும் அசைய வாசித்தாள். கடைசிவரை வாசித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், தனக்கே சொல்லிக்கொள்வது போல, தன் பேச்சில் அதைச் சொன்னாள்.

“என்னியே புட்ச்சிகினு நிக்காத. நீ போ. போய் அவங்க கைல சொல்லு.”

 அச்சுத் தமிழில் இல்லாத அந்த ‘செய்துகொண்டே இருப்பதை நிறுத்து’ என்ற அர்த்தம் அவளுடைய ‘புட்ச்சிகினு’வில் முழுசாக உட்கார்ந்திருந்தது. அதிலும் ஒரு நேர்மை இருந்தது. ஏற்கெனவே பிடித்திருந்தாளா, பிடிக்கப் போனாளா என்று அது அடித்துச் சொல்லவில்லை. நின்றுகொண்டே இருக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னது. சினிமாவில் எல்லோரும் கேலி செய்கிற பாஷை, என் வகுப்பில் நான் வாசலோடு நிறுத்திய பாஷை. அந்த ‘கினு’வுக்காக எத்தனை பேரைக் கடிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆட்டோவில் இருந்தவரிடம் நீட்டினாள். அவர் விரித்துப் பார்த்தார், கையெழுத்து இல்லை. கத்துவார் என்று பயந்தேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரும் ஒரு தம்பியைப் பறிகொடுத்தவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் அதே ஆட்டோவில் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அந்த மாதமே அவருக்கு மேற்பார்வை வேலை போயிற்று. ஒரு வருஷம் என்னோடு அவர் பேசவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

அடுத்த ஞாயிறு பீடத்தில் ஏறி, ஈஸ்டர் அன்று நான் சொன்னதில் இன்னது தெரியாமல் சொன்னது, இன்னது பாதியில் விட்டது என்று பட்டியலாகச் சொன்னேன். மைக்கில் நடந்த தப்பை அறைக்குள் திருத்தினால் போதாது. செயலாளருக்குப் பிடிக்கவில்லை. ஆயருக்கே சந்தேகம் என்றால் சபை என்ன ஆகும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சந்தேகம் உள்ள இடத்தைச் சந்தேகம் என்று சொன்னால்தான் நிச்சயம் என்று சொல்கிற இடத்தில் நம்புவார்கள் என்றேன். அவர் முகம் இளகவில்லை. நற்கருணை வரிசையில் நகர்ந்துபோகிறவர்களையும் அன்றைக்குக் கண்டித்தேன். இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. போகட்டும் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை, இரண்டு நாள் தூக்கமில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை. அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் விசாரணைக்கு அவள் போன நாளில் நான் கூடப் போனேன், அதைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

அந்த வருஷம் மழைக்கு முன் விசாரணை அதிகாரி அவளை வரச் சொல்லியிருந்தார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், பேச வேண்டாம் என்றாள். அந்த நிபந்தனை எனக்குப் புரிந்தது. இருவரும் ரயிலில் போனோம். அங்கே அவள் நடந்ததைச் சொன்னாள். போன் வந்தது, மோசஸ் சொன்னது, இவள் வேண்டாம் என்றது, மாட்டேன் என்றால் நாளைக்கு வராதே என்று அவர்கள் அவனிடம் சொன்னது எல்லாம். இரண்டு இடத்தில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். எதிரே ஒருவர் கணினியில் அடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் இரண்டு தாளில் அச்செடுத்து, பேனாவை மேலே வைத்து, கையெழுத்துப் போடுங்கள் என்று நீட்டினார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள்.

படிச்சிட்டு போடறேன் என்றாள். அடித்தவருக்கு அது புதிதாக இருந்திருக்கும், அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையாட்டினார். அவள் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தாள். இரண்டாவது தாளின் நடுவில் விரல் நின்றது. மேற்படி மோசஸ் கழிவுநீர்த் தொட்டியினுள் இறங்கினார் என்று இருந்தது. அவள் தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள்.

“சார், இங்க எறங்கினார்னு கீது. எறக்கினார்கள்னு போடுங்க.”

ரெண்டும் ஒன்றுதானேம்மா, தொட்டிக்குள் போனார், அவ்வளவுதானே என்றார் அடித்தவர். எரிச்சலாக இல்லை, நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார்.

“ஒண்ணு இல்ல சார். எறங்குனாருன்னா தப்பு அவரு மேல. எறக்குனாங்கன்னா அவங்க மேல.”

அதிகாரி தாளை வாங்கி, அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு அந்தம்மா சொல்வது போலவே மாற்றுங்கள், அவர்கள் வாக்குமூலம்தானே என்றார். மறுபடி அச்செடுக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவள் புதிய தாளையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். பிறகு பேனாவை எடுத்து, ஞானசுந்தரி என்று முழுப் பெயரையும் எழுதினாள்.

தன்வினை, பிறவினை என்று அதற்குப் பெயர். ஒரு ஒற்றெழுத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு மனிதனின் சாவு யார் கணக்கில் விழுகிறது என்பது இருந்தது. இருபது ஆண்டுகள் இலக்கணம் நடத்தியவன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த வரியை நானும் அவள் தோளுக்கு மேலாகப் படித்திருந்தேன். சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன்.